சேற்றை அள்ளுவதும் ஊழியமே

தியானப் பகுதி: லேவியராகமம் 14:33-48, நெகேமியா 3



நம்முடைய மதுரைச் சீமை மழைக்கு ஏங்குகிற பூமி. சித்திரை வெயிலில் மழைக்காக முழங்காலில் நிற்கிறோம். ஐப்பசியில் அதே மழை வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் வரும்போது, எதைத் தூக்குவது எதை விடுவது என்று தெரியாமல் திகைக்கிறோம். வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் மீண்டும் திரளுகிற இந்த வாரத்தில், வெள்ளம் வடிந்த பின் வீட்டைச் சுத்தம் செய்வதைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். இது பிரசங்கத்திற்கு ஏற்ற பொருளா என்று சிலர் கேட்கலாம். திருமறை இதைக் குறித்து ஒரு முழு அதிகாரத்தின் பாதியைச் செலவிட்டிருக்கிறது என்பதே என் பதில்.

2024 அக்டோபர் 25 வெள்ளிக்கிழமையை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அன்று பிற்பகல் பதினைந்து நிமிடங்களுக்குள் 4.5 சென்டிமீட்டர் மழை கொட்டியதாக அரசு அறிவித்தது. ஐந்து சென்ட் மனையின்மேல் அவ்வளவு மழை விழுந்தால் அது ஏறத்தாழ 9,000 லிட்டர் தண்ணீர். ஒரு தண்ணீர் லாரியைக் கால் மணி நேரத்தில் ஒவ்வொரு வீட்டின்மேலும் கவிழ்த்ததற்கு ஒப்பு. செல்லூர்க் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்கால் தாங்காமல், செல்லூர், கட்டபொம்மன் நகர், முல்லை நகர் முதலிய பகுதிகளின் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தீபாவளிக்கு ஆறே நாட்கள் இருந்தன. அண்டை வீட்டார் பண்டிகைக்கென்று எடுத்து வைத்திருந்த துணியும் மாவும் சாக்கடை நீரில் மிதந்தன. தண்ணீர் வடிந்தபின் செய்தியாளர்கள் போய்விட்டார்கள். சேறு மட்டும் போகவில்லை.

வீடு எப்படி நிலவறை ஆனது?

மேல்நாடுகளில் வீட்டின் அடியில் நிலவறை கட்டுகிறார்கள். மழை பெருத்தால் அதில் நீர் நிறையும். நம் ஊரில் யாரும் நிலவறை கட்டிக் குடியிருப்பதில்லை. ஆனாலும் நம்முடைய எத்தனையோ வீடுகள் நிலவறைகளாகிவிட்டன. நாற்பது ஆண்டுகளுக்கு முன் சாலையைவிட மூன்று படி உயர்த்திக் கட்டிய வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. வீடு தாழவில்லை, பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே தாரும் ஜல்லியும் போட்டுப் போட்டு, தெரு உயர்ந்துவிட்டது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். அதற்கு முன் உயர்ந்த தெருக்கள் உயர்ந்தபடியே இருக்கின்றன. வசதியுள்ளவர் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டினார். இயலாதவர் வாசலில் ஒரு சிமெண்டுத் திண்டு எழுப்பி, தண்ணீர் வராதிருக்க ஜெபித்தார்.

கண்மாய்களின் கதையும் இதுதான். தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம் என்று நம் பகுதிகளின் பெயர்களே முன்பு அங்கே என்ன இருந்தது என்று சொல்லுகின்றன. ஒரு கண்மாய் நிறைந்தால் அடுத்ததற்கு வழியும்படி நம் முன்னோர் அவற்றைச் சங்கிலிபோல் கோத்திருந்தார்கள். அந்தச் சங்கிலியின் கண்ணிகள் பல அறுந்துவிட்டன. தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சி அலுவலகம் எழுந்தது. உலகநேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளை எழுந்தது. எனவே ஓலைக் குடிசை போட்ட ஏழையைமட்டும் ஆக்கிரமிப்பாளன் என்று கைநீட்டுவது நீதியாகாது. தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. தேடி வரும்போது அதற்கு முதலில் அகப்படுவது தாழ்ந்த வீடு.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வெள்ளம் வந்தவுடன், "இது பாவத்தின் தண்டனை" என்று சொல்லுகிற குரல் நம் சபைகளுக்குள்ளும் எழும்புகிறது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் மாண்டதைக் குறித்து நம் ஆண்டவர் பேசியதை லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று அவர் திட்டமாய் மறுத்தார். பின்பு கேட்டுக்கொண்டிருந்தவர்களை நோக்கி மனந்திரும்பும்படி சொன்னார். தாழ்ந்த தெருவில் தண்ணீர் நிற்கும்போது மனந்திரும்ப வேண்டியவர்கள் மேட்டுத் தெருவில் இருப்பவர்களாகவும் இருக்கலாம்.

ஆசாரியன் சுவரைப் பார்க்க வந்தான்

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை நாம் வேகமாய்ப் புரட்டிவிடுவது வழக்கம். அங்கே ஒரு மனிதன் தன் வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமாய்ப் படர்ந்த கறையைக் கண்டு, ஆசாரியனிடம் ஓடி வருகிறான். இன்றைய கண்ணோடு பார்த்தால் அது ஈரச் சுவரில் படரும் பூஞ்சையைப் போலிருக்கிறது. ஆசாரியன் பலிபீடத்தண்டையில் இருந்துகொண்டே ஆசீர்வாதம் சொல்லி அனுப்பவில்லை. எழுந்து வீட்டுக்கு வருகிறான், சுவரைக் கண்ணால் பார்க்கிறான், ஏழு நாள் கழித்து மறுபடியும் வருகிறான். தேவனுடைய ஊழியக்காரனுக்கு ஈரச்சுவரைப் பார்வையிடுவதும் வேலை என்று நியாயப்பிரமாணமே சொல்லுகிறது.

அந்தப் பகுதியில் நான்கு ஒழுங்குகளைக் கவனியுங்கள்.

முதலாவது, ஆசாரியன் உள்ளே வருமுன் வீட்டிலுள்ளவற்றை வெளியே எடுத்துவிட வேண்டும். அவன் வந்து பார்த்து வீட்டைத் தீட்டென்று சொன்னால், உள்ளேயிருக்கும் பொருள்களும் தீட்டாகிவிடும். இங்கே பழைய யூத போதகர்கள் ஓர் அழகான கேள்வி கேட்டார்கள். துணியையும் உலோகத்தையும் கழுவிச் சுத்தமாக்கலாமே, பின் எதைக் காப்பாற்ற இந்தக் கட்டளை? மண்பாண்டத்தை என்று பதில் சொன்னார்கள். மண்பாண்டம் தீட்டுப்பட்டால் உடைத்தே ஆகவேண்டும். ஏழையின் சட்டிபானைக்காகவும் கர்த்தர் கவலைப்படுகிறார் என்று அவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். ஆகையால் வெள்ளம் புகுந்த வீட்டுக்கு உதவப் போகும்போது, "இதெல்லாம் பழசுதானே, தூக்கிப் போடுங்கள்" என்று எளிதாய்ச் சொல்லாதிருங்கள். குடும்ப அட்டை, பட்டா, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், மரித்த கணவரின் ஒரே புகைப்படம் ஆகியவற்றை முதலில் தேடி எடுத்து, தாள் தாளாய்ப் பிரித்து நிழலில் உலர்த்துங்கள். சாக்கடை நீர் குடித்த இலவம்பஞ்சு மெத்தையையும், நனைந்த அரிசி பருப்பையும் அப்புறப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் அந்த வீட்டாரைக் கேட்டு, அவர்கள் கையாலேயே அதைச் செய்ய விடுங்கள்.

இரண்டாவது, காத்திருத்தல். ஆசாரியன் ஏழு நாள் வீட்டை அடைத்து வைக்கிறான். நோவாவும் பேழையின் மேல்தட்டை எடுத்துப் பார்த்து, தரை உலர்ந்திருக்கக் கண்டபின்னும், பூமி நன்றாய்க் காய்ந்து கர்த்தர் சொல்லும்வரை ஏறத்தாழ இரண்டு மாதம் உள்ளேயே இருந்தான் (ஆதியாகமம் 8:13-16). வெள்ளம் வடிந்த வீட்டில் அவசரம் ஆபத்து. ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று சுவிட்சைத் தொடாதிருங்கள். மெயினை அணைக்கவே தண்ணீரில் நடக்க வேண்டியிருந்தால், உள்ளே போகாமல் மின்வாரியத்தாரை அழையுங்கள். நனைந்த குளிர்சாதனப் பெட்டியையும் மோட்டாரையும் மின்பணியாளர் பார்க்குமுன் ஓட்டவேண்டாம். சுவருக்குள் இருக்கும் ஈரம் போகுமுன் வெள்ளையடித்தால், பொங்கலுக்குள் அது உதிர்ந்துவிடும்.

மூன்றாவது, சுரண்டுதல். உள்சுவர் சுற்றிலும் செதுக்கப்பட வேண்டும், கறைபடிந்த கற்கள் பெயர்க்கப்பட வேண்டும், வேறு கல்லும் வேறு சாந்தும் வைத்துப் பூச வேண்டும். கறையின்மேல் பூச்சுப் பூசி மறைக்க அங்கே அனுமதியில்லை. நாமும் சேறு ஈரமாய் இருக்கும்போதே அதை வாரிவிட வேண்டும். காய்ந்து இறுகினால் வேலை இரட்டிப்பாகும். சேற்றை வாரியபின் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, அதன்பிறகே பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை ஊற்ற வேண்டும். சேற்றின்மேல் தூவிய பவுடர் வீண். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டை ஒருபோதும் கலக்காதிருங்கள். அதிலிருந்து வரும் வாயு நுரையீரலைக் கெடுக்கும். காலில் புண் உள்ளவர்களும் சர்க்கரை நோயாளிகளும் சேற்றில் இறங்கவேண்டாம்; மற்றவர்கள் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் அணியுங்கள். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரின் வழியாகத்தான் வருகிறது. வேலை முடிந்து ஓரிரு வாரத்திற்குள் காய்ச்சலும் உடல்வலியும் கண்டால், வெள்ளநீரில் நின்றதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

நான்காவது, கொட்டும் இடம். பெயர்த்த கல்லையும் செதுக்கிய மண்ணையும் பட்டணத்துக்குப் புறம்பே, அதற்கென்று விடப்பட்ட இடத்தில் கொட்டும்படி கட்டளை இருக்கிறது. தன் வீட்டின் கறையை அடுத்தவன் வாசலில் தள்ள யாருக்கும் உரிமையில்லை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? நனைந்த மெத்தையையும் உடைந்த அலமாரியையும் வாரிய சேற்றையும் பக்கத்து வாய்க்காலில் வீசுகிறோம். பந்தல்குடி வாய்க்காலையும் கிருதுமால் நதியையும் பார்த்திருக்கிறீர்களே! ஒருவர் வீசிய மெத்தை அடுத்த மழையில் பாலத்தடியில் சிக்கி, இன்னொருவர் வீட்டுக்குள் தண்ணீரை அனுப்புகிறது. வீட்டைச் சுத்தமாக்கி ஊரை அசுத்தமாக்குவது தேவன் ஏற்கும் பரிசுத்தம் அல்ல.

யார் கையால் அள்ளுகிறோம்?

இனி நான் முக்கியமாய்ச் சொல்ல விரும்பியதற்கு வருகிறேன். மேலே சொன்ன வேலைகளை எல்லாம் யார் செய்கிறார்கள்? நம் வீட்டில் சாக்கடை நீர் புகுந்ததும் நம் வாயில் வருகிற முதல் சொல், "ஆளைக் கூப்பிடு" என்பது. அந்த ஆள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார், ஏன் எப்போதும் அந்தத் தெருவிலிருந்தே வருகிறார் என்று நாம் கேட்பதில்லை. அவருடைய வீட்டுக்குள்ளும் அதே நாளில் தண்ணீர் புகுந்திருக்கும். தன் வீட்டுச் சேற்றை மனைவி மக்களிடம் விட்டுவிட்டு, நம் வீட்டுச் சேற்றை அள்ள வந்திருப்பார். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிற நாம், சேற்றுக்கூடையில் மட்டும் பங்குபெற மறுக்கிறோம். இது சாதியின் பழைய கறை. ஞானஸ்நானத்திற்குப் பின்னும் நம் சுவரில் அது பச்சையாய்ப் படர்ந்திருக்கிறது என்பதே என் துக்கம்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதனை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் மரணம் நம் ஊரைவிட்டு விலகவில்லை. 2022 ஏப்ரலில், பழங்காநத்தத்தை அடுத்த நேரு நகரில், மாநகராட்சியின் கழிவுநீர் ஏற்று நிலையத்தில் மோட்டார் பழுதுபார்க்கச் சென்ற மூன்று தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி மாண்டார்கள். வெள்ளத்துக்குப்பின் நிரம்பி நிற்கும் வீட்டுத் தொட்டியும் அதே வாயுவைத்தான் அடைத்து வைத்திருக்கிறது. "ஒரு நிமிடம் இறங்கிப் பாருப்பா, பணம் சேர்த்துத் தருகிறேன்" என்று சொல்லுகிற விசுவாசி, காயீனிடம் கேட்கப்பட்ட கேள்விக்குத் தானும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கழிவுநீர் லாரி வர இரண்டு நாள் ஆகுமானால், இரண்டு நாள் சிரமப்படுவோம். எவரையும் குழிக்குள் இறக்க வேண்டாம்.

நெகேமியா 3-ஆம் அதிகாரம் வெறும் பெயர்ப்பட்டியல் என்று பலர் எண்ணுகிறார்கள். அது வேலைப் பங்கீட்டின் பட்டியல். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது. பிரதான ஆசாரியனாகிய எலியாசிப் முதல் ஆளாய் எழும்பி ஆட்டுவாசலைக் கட்டுகிறான். தட்டானும் தைலக்காரனும் கல்லெடுக்கிறார்கள். சல்லூம் என்பவன் தன் குமாரத்திகளோடு வேலை செய்கிறான். பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே கட்டுகிறார்கள். இவற்றிலெல்லாம் என்னை அதிகமாய்த் தொடுவது பதினாலாம் வசனம். ஊரின் அழுக்கெல்லாம் வெளியேறுகிற குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்த்தவன் யார் தெரியுமா? மல்கியா என்னும் ஒரு பிரபு. அழுக்கு வாசல் அடிமைக்கு, ஆலய வாசல் ஆசாரியனுக்கு என்று நெகேமியா பிரித்துக் கொடுக்கவில்லை. தெக்கோவா ஊரின் பிரபுக்கள்மட்டும் வேலைக்குக் கழுத்துக் கொடுக்க மறுத்தார்கள். அவர்கள் மறுத்ததையும் வேதம் எழுதி வைத்திருக்கிறது. அந்த ஊரின் எளிய ஜனங்களோ தங்கள் பங்கை முடித்து, இன்னொரு பங்கையும் கட்டினார்கள் என்று இருபத்தேழாம் வசனம் சொல்லுகிறது. இன்று நம் பெயர் எந்தப் பட்டியலில் எழுதப்படும்?

நம் மதுரை மக்கள் ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் நினைவுகூருகிற பழங்கதை ஒன்று உண்டு. வைகை பெருக்கெடுத்துக் கரை உடைந்தபோது, கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று மன்னன் ஆணையிட்டான். ஆள் இல்லாத வந்தி என்னும் மூதாட்டி தன் பங்குக்கு யாரை அனுப்புவாள்? கதை அதற்குத் தரும் விடை நம் அண்டை வீட்டாரின் விசுவாசத்தைச் சேர்ந்தது. ஆனால் அந்தக் கேள்வி நம்முடையதும்தான். ஆள் இல்லாத விதவையின் பங்குக்கு யார் மண் சுமப்பது? சீஷருடைய கால்களைக் கழுவத் துண்டைக் கட்டிக்கொண்ட கர்த்தரைத் தொழுகிற சபை, இந்தக் கேள்விக்கு மௌனமாய் இருக்கலாகாது.

"வரி கட்டுகிறோமே" என்பவர்களுக்கு

இது மாநகராட்சியின் வேலை, நாம் ஏன் செய்ய வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. வாய்க்காலைத் தூர்வாருவதும், கழிவுநீரை மழைநீரோடு கலக்காமல் பிரிப்பதும், சாலையைச் சுரண்டிப் போடுவதும் அரசின் கடமை. நாம் மண்வெட்டி எடுப்பதைக் காரணம் காட்டி அவர்கள் கையைக் கழுவ விடக்கூடாது. நெகேமியா இரண்டையும் செய்தான். மரம் கொடுக்கும்படி ராஜாவிடம் துணிந்து கேட்டுக் கடிதம் வாங்கினான். ஊர் ஜனங்களையும் வேலைக்கு எழுப்பினான். கேட்காமல் உழைத்தால் அநீதி நீடிக்கும். உழைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால் அந்தத் தாழ்ந்த வீட்டுக் கிழவி இன்றிரவும் சேற்றில் உறங்குவாள். நம் நாட்டுக் கண்மாய்களைக் குடிமராமத்து என்னும் பெயரால் ஊரார் கூடிப் பேணிவந்த மரபு நமக்குப் புதியதன்று. ஆனால் அந்த மரபிலும் மண் சுமக்கும் பாரம் கடைசித் தெருவின்மேல் விழுந்ததுண்டு. அதைத் திருத்தி வாங்கிக்கொள்வோம்.

ஆகையால் இந்த மழைக்காலத்துக்கு நம் சபைகள்முன் சில காரியங்களை வைக்கிறேன். ஒவ்வொரு சேகரமும் தன் எல்லைக்குள் உள்ள தாழ்ந்த வீடுகளை இப்போதே எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும். சபையார் வீடா பிறர் வீடா என்று பார்க்க வேண்டாம். முதியோர் தனித்திருக்கும் வீடுகள் பட்டியலின் தலையில் இருக்கட்டும். அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை எடுத்து, பத்து மண்வெட்டி, வாளிகள், ரப்பர் பூட்ஸ், கையுறைகள், தண்ணீர் இறைக்கும் ஒரு டீசல் பம்பு ஆகியவற்றை ஆலயத்தில் வாங்கி வைப்போம். உணவுப் பொட்டலம் கொடுப்பது நல்லது; அதைக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துத் திரும்பும் நாம், இனி ஒரு மணி நேரம் நின்று சேறு அள்ளிவிட்டுத் திரும்புவோம். வாலிபர் ஐக்கியம் மட்டுமல்ல, ஆயரும் கமிட்டி அங்கத்தினரும் முன்னே நிற்க வேண்டும். எலியாசிப் முதலில் எழும்பினான். வெள்ளத்திற்கு அடுத்த ஞாயிறு ஆராதனையைச் சுருக்கி, மங்களம் சொன்னவுடன் அப்படியே தெருவுக்குப் போவோம். நம் ஆலய வளாகத்தின் மதில்களும் மேடுகளும் அடுத்த தெருவின் தண்ணீரைத் தடுக்கின்றனவா என்றும் பார்ப்போம். தடுத்தால், மதிலைத் திறந்து வழிவிடுவோம்.

அன்பானவர்களே, சுவரின் கறை மறுபடியும் வராவிட்டால் ஆசாரியன் வந்து அந்த வீட்டைச் சுத்தமென்று அறிவித்தான். அந்த அறிவிப்புக்கு முன்னால் எத்தனை பேர் கல்பெயர்த்து, மண் சுமந்து, சாந்து குழைத்திருப்பார்கள்! "உங்கள் வீடு சுகமாயிருக்கட்டும்" என்று நாமும் ஒருவரையொருவர் வாழ்த்துகிறோம். அந்த வாழ்த்தைச் சொல்லும் முன் கூடையைப் பிடிப்போமாக.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, வறண்ட எங்கள் நிலத்துக்கு மழையைத் தருகிறவரே, உமக்கு ஸ்தோத்திரம். தாழ்ந்த வீடுகளில் இன்றிரவு வானத்தைப் பார்த்துக் கலங்கியிருக்கிற குடும்பங்களை நினைத்தருளும். எங்கள் அழுக்கைப் பிறர் தலையில் ஏற்றும் வழக்கத்தை எங்களைவிட்டு அகற்றும். எவருடைய உயிரும் குழிகளில் மாளாதபடி காத்தருளும். துண்டைக் கட்டிக்கொண்ட உம்முடைய குமாரனைப்போல நாங்களும் குனிய எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.